முப்பத்து நாலாம் பக்கமும் ரப்பர் பூட்ஸும்

"மூச்சை அடக்கிக்கோங்க. இப்ப உங்க தலைக்கு மேல ரெண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணி நிக்குது" என்கிறான் மொரியோ.

அவன் நிற்பது நமிசாகி நகரத்து சூப்பர் மார்க்கெட்டில், டோஃபு அடுக்கியிருக்கும் குளிர்பெட்டிக்கு முன்னால். வெளியே சுள்ளென்று வெயில். அவன் காலிலோ முழங்கால் வரை கறுப்பு ரப்பர் பூட்ஸ். பின்னால் ஒசாகாவிலிருந்து ஊர் பார்க்க வந்த ஆறு பேர். அதில் ஒருவர் நிஜமாகவே மூச்சை அடக்கிக் கன்னத்தை உப்பிக்கொள்கிறார். டோஃபு எடுக்க வந்த உள்ளூர்ப் பெண், "மொரியோண்ணே, கொஞ்சம் ஒதுங்குங்க, மீன் போகணும்" என்று கூடையோடு அவர்கள் நடுவே நீந்திக் கடந்து போகிறாள். இந்தக் கடையில் எல்லோருக்கும் பழகிவிட்டது.

மொரியோ ஹிரோசேவுக்கு அறுபத்தெட்டு வயது. நகரத்துக் குடிநீர்ப் பிரிவில் முப்பத்தெட்டு வருடம் குழாய் பதித்தான். தரைக்கு மேலே இருக்கும் நமிசாகியை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தரைக்குக் கீழே இருப்பதை அவன் பார்த்திருக்கிறான். ஞாயிறு தோறும் மஞ்சள் மேலங்கி மாட்டிக்கொண்டு, ரயில் நிலையத்துக்கு வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறான். கையில் ஒன்றரை மீட்டர் மூங்கில் கம்பு. இடது, வலது என்ற சொற்கள் அவன் வாயில் வராது. கடல் பக்கம், மலைப் பக்கம், அவ்வளவுதான். பல் மருத்துவரிடம் போய், "மலைப் பக்கத்துக் கடைவாய்ப் பல் வலிக்குது" என்றான். மருத்துவர் உள்ளூர்க்காரர். நாற்காலி எந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு, சரியான பல்லையே பிடுங்கினார்.

நமிசாகிக்கு மூன்று பக்கம் மலை, நாலாவது பக்கம் கடல். குடியிருக்க இடமே இல்லாத இடத்தில் பாய்மரக் கப்பல்காரர்கள் காற்றுக்காகக் காத்துக் கிடந்தார்கள். காத்துக் கிடந்தவர்களுக்குச் சோறு போட நாலு கடை வந்தது. கடைக்காரர்களுக்கு வீடு வேண்டியிருந்தது. அப்புறம் ஊர் மலையை வெட்டிக் கடலில் கொட்ட ஆரம்பித்தது. ஊருக்கு மேற்கே பாதி மலை ஒன்று கத்தியால் நறுக்கிய மாதிரி நிற்கும். மொரியோ கம்பை நீட்டி, "அதோட மறுபாதி மேலதான் நீங்க இவ்வளவு நேரமா டோஃபு பாத்துட்டு இருந்தீங்க" என்பான்.

பூட்ஸ் விஷயத்துக்கு வருவோம். கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் அவன் செருப்புப் போட்டு நடக்க மாட்டான். "அது இன்னும் கடல்தான். மேல கொஞ்சம் மண்ணு கிடக்கு, அவ்வளவுதான்" என்பான். பழைய கடற்கரைக் கோடு வந்ததும் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, தோள்பையிலிருந்து தோல் செருப்பை எடுத்து மாட்டிக்கொள்வான். வீட்டுக்குள் நுழைகிறவன் வாசலில் காலணியைக் கழற்றுவது மாதிரி அவ்வளவு இயல்பாக.

அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதில்தான் வம்பு.

துறைமுகத் தெருவில் கல்விளக்கு ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்துக் கப்பல்களுக்கு வழிகாட்டிய விளக்கு. மொரியோ சின்னவனாக இருந்தபோது அதன் அடியில்தான் அலை அடிக்கும். அவனுக்கு நாற்பது வயதில், நகராட்சி ஊரின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாகப் போட்டது. குடிநீர்ப் பிரிவிலிருந்து ஊர் விவரம் தெரிந்தவன் என்று மொரியோவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "கல்விளக்கு ஆதியிலேர்ந்து அதே இடத்துலதான் நிக்குது. அதுதான் பழைய கரை" என்று சொன்னான். முப்பத்து நாலாம் பக்கத்தில் அப்படியே அச்சாயிற்று. அன்றிலிருந்து அந்த விளக்கடியில்தான் அவன் செருப்பு மாற்றினான். தான் பிறக்கும்போது இருந்ததெல்லாம் ஆதியிலிருந்தே இருந்தது என்று நினைக்காதவர் யார்?

ஒன்பது வருடம் கழித்து, இசோதாவின் முடிதிருத்தும் கடை வாசலில் பெரிய குழாய் வெடித்தது. மொரியோ குழிக்குள் இறங்கினான். இடுப்பளவு ஆழத்தில் அவன் கால் ஒரு கல்லில் இடித்தது. தடவிப் பார்த்தான். சதுரமாகச் செதுக்கிய அடிக்கல். நடுவில் தூண் நிறுத்திய குழி. கடல் பக்கத்து முகம் முழுவதும் சிப்பி ஒட்டியிருந்த தழும்பு. கல்விளக்கு முதலில் நின்றது அங்கேதான். அவன் பிறப்பதற்கு முன்னாலேயே முதல் தடவை கடலைத் தூர்த்தபோது, விளக்கையும் பெயர்த்துப் புதுக் கரைக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். இடையில் நாற்பத்து மூன்று தப்படி.

குழியிலிருந்து ஏறி வந்த மொரியோ, அக்கா கினுயோ வீட்டுக்குப் போய்ச் சேற்றோடு வாசலில் உட்கார்ந்தான்.

"அக்கா, ஒம்பது வருஷமா தப்பான இடத்துல செருப்பு மாத்தியிருக்கேன்."

"கால் நனைஞ்சுதா?" என்று கேட்டாள் கினுயோ.

அன்றிலிருந்து அவன் இசோதாவின் கடை வாசலில்தான் செருப்பு மாற்றுகிறான். புத்தகத்தைத் திருத்தச் சொல்லி நகராட்சிக்குப் பதினொரு கடிதம் எழுதினான். பதினொன்றுக்கும் ஒரே பதில்: 'தங்கள் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி.' அடுத்த பதிப்பில் அட்டை மட்டும் மாறியது. தொப்பி போட்ட கானாங்கெளுத்தி மீன் ஒன்று அதில் சிரித்தது.

நமிசாகியில் வருடா வருடம் ஒரு தேர்வு நடக்கும். நமிசாகியைப் பற்றி நமிசாகிக்காரர்களே எழுதும் தேர்வு. மூன்று நிலை, முதல் நிலைதான் உச்சம். நூறு கேள்வி, தொண்ணூறு எடுத்தால் தேர்ச்சி. மொரியோ நாலு வருடம் எழுதி நாலு வருடமும் பூஜ்யம் வாங்கியவன். விடை தெரியாமல் இல்லை. விடைத்தாளில் சின்ன வட்டங்களைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். அதைப் படிப்பது இயந்திரம். பழைய கரை எது என்று கேட்டவுடன் மொரியோவின் கை ஓரத்துக்குப் போய்விடும். அங்கே வரைபடம், அடிக்கல்லின் அளவு, சிப்பித் தழும்பு, 'மறுபக்கம் பார்க்கவும்' எல்லாம் வந்துவிடும். வட்டத்துக்கு வெளியே கோடு பட்டால் இயந்திரம் தாளைத் துப்பிவிடும்.

போன வருடம் சுற்றுலாப் பிரிவின் குசாகாபே புது விதி கொண்டுவந்தார். அடுத்த ஏப்ரலிலிருந்து, முதல்நிலை தேறியவர்களுக்கு மட்டுமே வழிகாட்டியின் மஞ்சள் மேலங்கி. சொல்வதும் புத்தகத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். அன்றைக்கு மொரியோ மேலங்கியைத் துவைத்து, மடித்து, பிரித்து, மறுபடி மடித்ததைக் கினுயோ பார்த்தாள்.

கினுயோ நடுநிலைப் பள்ளியோடு நிறுத்திவிட்டு மீன் டப்பா ஆலைக்கு வேலைக்குப் போனவள். முப்பத்தோரு வருடம், ஓடும் பட்டையில் நசுங்கிய டப்பாவைப் பார்த்துப் பொறுக்குவதுதான் வேலை. அவள் கண்ணில் படாமல் ஒரு நசுங்கலும் தப்பியதில்லை. தம்பியைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தாள். வாயில் ஓர் உப்புப் பிளம் பழத்தைத் திணித்தாள், பேசாமலிருக்க. கையில் நீளச் சமையல் குச்சி எடுத்துக்கொண்டாள்.

"எது சரின்னு தோணுதோ அந்த வட்டத்தை நிரப்பு. ஒரு மார்க் போனா போகட்டும். ஓரத்துக்குப் போகாதே."

பிளம் பழம் கன்னத்துக்கு நகர்ந்தது. "போனா போகட்டும்க்கா. ஆனா அது ஏன் தப்பில்லன்னு சொல்லாம எப்படி..."

டப் என்று குச்சி விழுந்தது, விரல் கணுவில்.

"இயந்திரத்துக்கு எதுக்குடா விளக்கம்? அது என்ன உன்கிட்ட ஊர் சுத்திப் பாக்க வந்துச்சா?"

"அந்தத் தப்பு என் வாயிலேர்ந்து வந்ததுக்கா. நான்தானே திருத்தணும்."

கினுயோ ஒரு கணம் குச்சியை இறக்கினாள். பிறகு இன்னொரு பிளம் எடுத்தாள்.

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. தேர்வுக்கூடத்தில் அவனை யார் கண்காணிப்பது என்று யோசித்து, கினுயோவும் மூன்றாம் நிலைக்கு விண்ணப்பம் போட்டாள். எல்லா நிலைக்கும் ஒரே கூடம். இசோதா முடி வெட்டிக்கொண்டே ஊரெல்லாம் செய்தி பரப்பினான்: "அக்கா தேர்வு எழுதப் போகுது, தம்பியோட பிடரியைப் பாத்து."

நவம்பர் ஞாயிறு. சமுதாயக் கூடத்து வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு எல்லோரும் அங்கே வைத்திருந்த பச்சைச் செருப்பில் சரசரவென்று போய் உட்கார்ந்தார்கள். குசாகாபே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தார். கினுயோ தன் தாளை அரை மணியில் முடித்துவிட்டு, மூன்று வரிசைக்கு முன்னால் இருந்த பிடரியில் கண்ணை நிறுத்தினாள்.

எழுபத்தோராம் கேள்வி எப்போது வந்தது என்பது அவளுக்குத் தெரிந்தது. பிடரி சிவந்தது. 'பழைய கரையின் எல்லை எது? கோயில் படிக்கட்டு, கல்விளக்கு, இசோதா முடிதிருத்தகம், ரயில் நிலையம்.' முடிதிருத்தகத்தைக் கேள்வி தயாரித்தவர் வேடிக்கைக்குச் சேர்த்திருக்க வேண்டும். மொரியோ ஒரு வட்டத்தை நிரப்பினான். பென்சில் எழுந்தது. மெல்ல ஓரத்துக்கு நகர்ந்தது. தாளுக்கு ஒரு விரல் உயரத்தில் அப்படியே நின்றது. கினுயோ தொண்டையைச் செருமினாள். குசாகாபே அவளைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, அமைதி" என்றார்.

பென்சில் அடுத்த கேள்விக்குப் போனது. மீதி இருபத்தொன்பதையும் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தான். பென்சிலைக் கீழே வைத்தான். பிறகு வலது கையைத் தொடைக்கு அடியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். மணி அடிக்க இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது. இருபத்திரண்டு நிமிடமும் அப்படியே இருந்தான். கை மரத்துப்போய், வெளியே வந்து அக்காதான் அவனுக்கு மேல்சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள்.

தொண்ணூற்றொன்பது. நகராட்சிப் பத்திரிகையில் பெயர் வந்தது. கினுயோவுக்கு மூன்றாம் நிலையில் நூறு. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை. தம்பியின் பெயர் வந்த பக்கத்தை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். "அந்த ஒண்ணு எதுலண்ணே போச்சு?" என்று இசோதா கேட்டான். மொரியோ வாயில் பிளம் பழம் இருப்பதுபோலக் கன்னத்தை உப்பிக் காட்டினான்.

ஏப்ரல் முதல் ஞாயிறு. மஞ்சள் மேலங்கி, ரப்பர் பூட்ஸ், எட்டு விருந்தினர். கூடவே புத்தகமும் புதுத் தோல் ஷூவுமாகக் குசாகாபே. வழிகாட்டிகள் விதிப்படி பேசுகிறார்களா என்று பார்க்க வந்திருந்தார். கினுயோ கடைசியில் குடை பிடித்து நடந்தாள்.

கல்விளக்கு அடியில் மொரியோ புத்தகத்தைப் பிரித்து முப்பத்து நாலாம் பக்கத்தைப் படித்தான். இரங்கல் செய்தி வாசிக்கும் குரல். "'ஆதியிலிருந்து இதே இடத்தில்' என்று அச்சாகியிருக்கிறது" என்று முடித்துப் புத்தகத்தை மூடினான். குசாகாபே தன் தாளில் ஒரு சரி போட்டார்.

பிறகு மொரியோ மலைப் பக்கமாக நடந்தான். நாற்பத்து மூன்று தப்படி. இசோதா கடை வாசலில் அவனுக்கென்று போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்தான். ஒரு பூட்ஸைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினான். இன்னொன்றையும் தட்டினான். தோல் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"ஏங்க இங்க செருப்பு மாத்தறீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அது புத்தகத்துல இல்லீங்க. நான் சொல்லக்கூடாது" என்றான் மொரியோ, பவ்யமாக.

எட்டுத் தலைகளும் குசாகாபே பக்கம் திரும்பின. அவர் புத்தகத்தைப் புரட்டினார். முப்பத்து மூன்று, முப்பத்து நாலு, முப்பத்தைந்து. கானாங்கெளுத்தி சிரித்தது. விருந்தினர்கள் ஒவ்வொருவராக முக்காலியைத் தாண்டி மொரியோ பக்கம் போய் நின்றார்கள். கினுயோவும் குடையை மடக்கிவிட்டுத் தாண்டினாள். அந்தப் பக்கம் குசாகாபே மட்டும்.

கத்திரிக்கோலோடு இசோதா வெளியே தலை நீட்டினான். "சார், அங்கேயே நின்னா எப்படி? அலை ஏறுது. ஷூ வேற புதுசு."

குசாகாபே தன் ஷூவைப் பார்த்தார். புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கினார். கால்சட்டையை இரண்டு விரலால் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டார்.

மொரியோ கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, படகிலிருந்து இறங்குகிறவருக்கு நீட்டுவதுபோல, கரையிலிருந்து கையை நீட்டினான்.