எலி விழுந்த சேதி

எங்கள் போடியில் "எலி விழுந்துருச்சு" என்றால் போதும், மேற்கொண்டு யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். எலி செத்து விழுந்தது, பின்னாலேயே பிளேக் வருகிறது என்று பொருள். சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே தோட்டத்தில் குடிசை போட்டுவிடுவார்கள். ஐம்பதுகளில் அந்த நோய் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. என் பயம்தான் ஓயவில்லை.

அப்போது எனக்கு நாற்பது வயது. வீரம் ததும்பும் பருவம். மலையில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் வேலை பார்த்த என் மச்சினன், போடிமெட்டிலிருந்து இறங்கிய ஜீப்புக்காரரிடம் சொல்லிவிட்டிருந்தான்: "ஸ்டோர்ல எலி விழுந்துருச்சு. மச்சான வெரசா வரச் சொல்லுங்க."

முந்தின வாரம்தான் அங்கே விருந்தாடப் போய், அதே ஸ்டோரில் படுத்துவிட்டு வந்திருந்தேன். காட்டெலிகள் என்மேல் ஓடி விளையாடிய இடம். மெல்லத் தொடையிடுக்கைத் தடவிப் பார்த்தேன். இருந்தது! நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. பிளேக் கட்டி அங்கேதான் வரும் என்று ஊருக்கே பாடம் நடத்தியவன் நான்.

"கிட்ட வராத!" என்று மனைவியைப் பார்த்து அலறினேன்.

"நான் எப்ப வந்தேன்?" என்றாள் அவள், வெங்காயம் உரித்தபடி.

"நான் போயிட்டா சைக்கிள ஒந் தம்பிக்குக் குடுத்துரு."

"சரிங்க. போறதுக்கு முன்ன காத்தடிச்சு வச்சிருங்க."

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் கட்டியை அழுத்திப் பார்த்துவிட்டுக் காலைக் காட்டச் சொன்னார். கணுக்காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து நான் பேணி வளர்த்த புண்.

"இதுக்குத்தான் நெறி கட்டிருக்கு. காய்ச்சல் இருக்கா?"

"வரப்போகுது சார்."

"வந்தா சொல்லுங்க" என்று புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டினார்.

திரும்பி வந்தால் வாசலில் மச்சினன். கையில் எலிப்பொறி. உள்ளே பூனைக்குட்டி பருமனில் ஒரு காட்டெலி, உயிரோடு, என்னை முறைத்தது.

"ஒரு மாசமா ஏலக்காயத் தின்ன களவாணி மச்சான்! பொறியில விழுந்துருச்சு, வந்து பாருங்கன்னு சொல்லிவிட்டா ஆளையே காணோம்!"

அந்த வாசலில் நின்றவர்களில், எலியையும் சேர்த்து, சாகத் தயாராக இருந்தவன் நான் ஒருவன்தான்.

"மச்சான் ஒனக்குச் சைக்கிள் தர்றாராம்டா," என்றாள் மனைவி. "செத்தப்பெறகு."

"அதுவரைக்கும் அது எதுக்குச் சும்மா நிக்கணும்?"

பொறியைக் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு, மணியடித்தபடியே சிலமலை ஊர்ப் பக்கம் போய்விட்டான். காலைச் சொறியாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.