பாலத்துக் கண்ணை அடைத்தவள்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலை எங்கள் வயலோரத்துக்கு வரும்போது மேடாக உயர்ந்துவிடும். மேல்புறத்து மழைத்தண்ணீர் அந்த மேட்டைக் கடக்க, அடியில் ஒரே ஒரு கண் வைத்த சின்னப் பாலம். கீழ்ப்புறம் சித்தப்பாவின் வயல். மேல்புறம் நாலைந்து மண்சுவர்க் குடிசைகள். எங்களுக்கு நடவு நடுகிறவர்கள் குடியிருந்தது அங்கேதான்.

கார் நடவு முடிந்ததும் சித்தப்பா வைக்கோலைத் திணித்து அந்தக் கண்ணை அடைத்துவிடுவார். நாற்று வேர் பிடிக்க மூன்று நாள். நாலாம் நாள் அவரே பிடுங்கிவிடுவார். சாலை மேஸ்திரிக்கு அந்த மூன்று நாளும் வேறு பக்கம் வேலை வந்துவிடும். சாரல்தானே, எவ்வளவு தேங்கிவிடும் என்று எல்லாருக்கும் ஒரு தைரியம்.

எனக்குப் பத்து வயதான வருஷம், நட்ட மறுநாளே சாரல் மழையாக மாறிக் கொட்டியது. பள்ளிக்கூடம் இல்லை. கொண்டாட்டமாகச் சித்தப்பாவின் பின்னால் பாலத்தடிக்கு ஓடினேன். முந்தின நாள் எங்கள் வயலில் நட்ட ஒருத்தி, முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தாள்.

"அண்ணாச்சி, சுவரெல்லாம் ஊறுது. பிள்ளையத் தொட்டில்ல போட்டிருக்கேன், வேற எங்கன கொண்டு போவேன்? கொஞ்சம் தொறந்து விடுங்க."

"இப்பத் தொறந்தா நீ நட்டதெல்லாம் அடிச்சிட்டுல்லா போகும்? பொழுது சாயட்டும், பாப்போம்."

அவள் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

வைக்கோல் இடுக்கில் தண்ணீர் கசிந்தது. நான் சும்மா இருப்பேனா? கீழ்ப்புறமாகக் குனிந்து உள்ளே நுழைந்தேன். களிமண்ணைக் கிழிசல் சாக்கில் பொதிந்து இடுக்குக்கு இடுக்கு அறைந்து, கல்லை முட்டுக் கொடுத்தேன். அப்புறம் ஒரு சொட்டு வரவில்லை.

"ஏட்டி, நீ இஞ்சினீயர்லா!" என்றார் சித்தப்பா.

மத்தியானம் மேல்புறத்தில் பொத்தென்று ஒரு சத்தம், பிறகு கூக்குரல். என்னை வீட்டுக்குத் துரத்திவிட்டார்கள். சுவர் இடிந்தது என்று மட்டும் சொன்னார்கள். மற்றதெல்லாம் பல வருஷம் கழித்துத் தெரிந்தது. சித்தப்பாவின் மண்வெட்டிக்கு என் அடைப்பு அசையவில்லையாம். கடப்பாரை தேடிக் கொண்டுவர நேரமாகிவிட்டதாம். தண்ணீர் வடிந்த பிறகுதான் தொட்டிலை எடுக்க முடிந்ததாம். நாற்றும் மிஞ்சவில்லை.

சுவர் இடிந்த மறுநாள் ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். அந்தப் பெண் சாலை மேட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாலத்த யாரு அடைச்சது?"

"யாருங்கய்யா அடைப்பா? மழைத்தண்ணி கூளத்த அடிச்சிட்டு வந்து தானா அடைச்சிக்கிட்டு" என்றார் சித்தப்பா. மேஸ்திரி தலையாட்டினார். ஓவர்சியர் எழுதத் தொடங்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மழ ஒண்ணும் அடைக்கல. நான்தான் அடைச்சேன்! ஒரு சொட்டு வரல. சித்தப்பாவே பாத்தாங்கள்லா?"

ஓவர்சியரின் பேனா நின்றது. அந்தப் பெண் அப்போதுதான் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சித்தப்பாவின் கை என் வாயைப் பொத்தியது.

"சின்னப் பிள்ள, ஏதோ உளறுது" என்றார்.

ஓவர்சியர் தொடர்ந்து எழுதினார். நான் செய்த வேலையைச் சித்தப்பா மழைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாரே என்று, வீடு வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.