கேசட்டின் கடைசியில் வரும் சத்தம்

கூத்தாநல்லூரில் ஒரு மளிகைக் கடை வாசலில் ஜீப்பை நிறுத்தி, ராஜஸ்தான் பாலைவனத்துக்கு வேண்டிய சாமான்களை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் நிறையத் தண்ணீர் போகிறது. இந்த ஊரில் நின்று கேன் கேனாகத் தண்ணீர் பிடிக்கிறவனைப் பார்த்து டீக்கடையில் சிரிக்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது.

கடைக்காரப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி வருகிறார்.

"மண்வெட்டி எங்கண்ணே? மணல்ல எறங்குறப்ப டயர்ல காத்தக் கொறைக்கணும். திரும்ப அடிக்க பம்பு இருக்குல்ல?"

"பம்பு இருக்கு. உங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம்?"

"என்னக் கட்டுன மச்சான் நிக்காஹ் முடிஞ்ச கையோட குவைத்துக்குப் போனாங்க. அங்க பாலைவனத்துல வண்டி ஓட்டுறாங்க. கேசட்டுல பேசி அனுப்புவாங்க. மாமி, மாமா, கொழுந்தன்னு எல்லாரும் சுத்தி உக்காந்துதான் கேப்போம். அவ்வளவு பேருக்கு நடுவுல எங்கிட்ட என்னத்தப் பேசுவாங்க? வண்டியப் பத்தித்தான் பேசுவாங்க."

உள்ளே போய் ஒரு மண்வெட்டி எடுத்து வந்து கொடுக்கிறார்.

"கேசட்டு முடியுறப்ப வண்டியக் கிளப்புற சத்தம் வரும். அது மட்டும் எனக்கு. உங்க வண்டியக் கொஞ்சம் கிளப்புங்கண்ணே."

சாவியைத் திருப்புகிறேன். தலையைச் சாய்த்துக் கேட்கிறார்.

"இது இல்லண்ணே. அது இன்னும் கனமா இருக்கும்."

அணைக்கப் போகிறேன்.

"இருக்கட்டும்ணே. செத்த நேரம் ஓடட்டும்."