தனியாகக் கவிழ்த்த டம்ளர்

அம்மாவின் டம்ளரின் அடியில் ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. மற்ற டம்ளர்களோடு கலந்துவிடக் கூடாதென்று பெரியம்மா ஆணியால் கீறியது. அம்மா செத்த அன்று அவள் அதைக் குப்பையில் எறிந்தாள். நான் எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டேன். பெரியம்மாவை எழுத்திலாவது 'அவர்' என்று சொல்லலாம்தான். மனம் வரவில்லை.

அவள் என் பெரியப்பாவின் மனைவி. ஆரணியில் பட்டுத் தறி வைத்திருந்த எங்கள் கூட்டுக் குடும்பத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். அம்மாவுக்கு நூலுக்குச் சாயம் ஏற்றும் வேலை. கொதிக்கும் தொட்டியின்மேல் குனிந்து நூலைப் புரட்டிப் புரட்டி முக்க வேண்டும். காற்றடித்தால் அடுப்பு ஒரு பக்கமாக எரிந்து நிறம் திட்டுத் திட்டாக ஏறும் என்று கொட்டகை ஜன்னலில் பெரியம்மா சாக்கு கட்டியிருந்தாள். ஆசிட் கலந்த ஆவி முழுவதும் அம்மாவின் மூச்சுக்குள் போனது.

அம்மா இருமத் தொடங்கினாள். காய்ச்சல் இல்லை, உடம்பு இளைக்கவில்லை. மூச்சை விடும்போது நெஞ்சுக்குள் விசில் கேட்கும், விடியற்காலையில் அதிகமாகும்.

"இது டிபிதான். ஒட்டிக்கும். அவ டம்ளர யாரும் தொடாதீங்க" என்று பெரியம்மா முடிவு கட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரிந்து, அவள் பெண்களுக்கு வரன் வராதாம். என்னை அம்மாவோடு படுக்க விடவில்லை. ஆனால் பட்டு நூலுக்கு மட்டும் அந்த நோய் ஒட்டாது போலிருக்கிறது. சாய வேலையை நிறுத்தச் சொல்லவே இல்லை.

செய்யாற்றில் தாய்வீட்டுக்குப் போனால் அம்மாவின் இருமல் அடங்கிவிடும். திரும்பிக் கொட்டகைக்குள் நுழைந்த அன்றே விசில் தொடங்கும். "அம்மா ஊட்ல நல்லா சிரிச்சிகினு இருக்கா, இங்க வந்தா இருமிகினு இருக்கா. எல்லாம் நடிப்பு" என்பாள் பெரியம்மா. டிபி என்றதும் அவள்தான், நடிப்பு என்றதும் அவள்தான். அம்மா டம்ளரைக் கழுவுவாள். "கழுவி, தனியா கவுத்து வெச்சிட்டுப் போ" என்று பின்னாலிருந்து குரல் வரும். ஒரு மார்கழி விடியலில் மூச்சு கிடைக்காமல் அம்மா செத்துப்போனாள்.

இன்று நான் நெஞ்சுநோய்ப் பிரிவில் நர்ஸ். மூக்கு ஒழுகி, தும்மி, சில நாளில் தானே அடங்குவது சாதாரணச் சளி. திடீரென்று கடுங்காய்ச்சலும் உடம்பு முறிக்கும் வலியுமாக வருவது ஃப்ளூ. புகையிலும் ஆவியிலும் கிளம்பி, விலகினால் தணிகிற விசில் ஆஸ்துமா. அது யாருக்கும் ஒட்டாது. இதைப் படித்த அன்று எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

போன தை மாதம் பெரியம்மா என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். வாரக்கணக்கில் இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரியில் வியர்வை, ரவிக்கை தோளில் நிற்காத இளைப்பு. கேட்கும்போதே சந்தேகப்பட்டேன், பரிசோதனையும் டிபி என்றது.

"வெறும் சளின்னு சொல்லும்மா. மருமவளுங்க என்னை ஒதுக்கி வெச்சிருவாளுங்க" என்று கையைப் பிடித்தாள். முகக்கவசத்துக்குள் நான் சிரித்தேன். சிரித்ததற்கு எனக்கு வருத்தமில்லை.

அவள் பிழைக்க வேண்டும். ஒரு மாத்திரைகூடத் தவற விடமாட்டேன். என் கண்ணெதிரில்தான் விழுங்க வேண்டும் என்று அவள் பிள்ளைகளிடம் சொல்லி தினமும் வரவழைக்கிறேன். முதல் நாள் தண்ணீரை அந்த டம்ளரில் கொடுத்தேன். அண்ணாந்து குடித்துவிட்டுக் கீழே வைக்கப்போனவள், அடியிலிருந்த குறியைத் தடவிப் பார்த்தாள்.

"இது அவளுதாச்சே."

"ஆமா பெரிம்மா. டிபிக்குன்னு நீங்கதான் வெச்சீங்க. எங்கம்மாவுக்கு இருந்தது ஆஸ்துமா. அந்தச் சாக்க அவுத்துவுட்டு, ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தா பொழச்சிருப்பாங்க."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். டிபி காற்றில்தான் பரவும், டம்ளரால் பரவாது. நர்ஸுக்கு அதுகூடத் தெரியாதா? தெரிந்துதான் தினமும் அதிலேயே கொடுக்கிறேன். குடித்து முடித்ததும், குரலை உயர்த்தாமல் சொல்கிறேன்:

"கழுவி, தனியா கவுத்து வெச்சிட்டுப் போங்க."