கணவர் கையொப்பம் என்ற கட்டம்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் உத்திரமேரூரில் ஒரு சின்னச் சங்கத்தில் வேலை பார்த்தேன். கிராமத்துப் பெண்களுக்குச் சிறு கடன் கொடுக்கும் சங்கம். ஓர் உரக்கடையின் மாடியில் ஒரே அறைதான் ஆபீஸ். மழைக்காலத்தில் யூரியா வாடை படியேறி வந்துவிடும். கூட்டுறவுத் துறையில் ஓய்வு பெற்ற ஒருவர் செயலாளராக இருந்தார். அவருக்கு அடுத்து நான். எனக்கு அடுத்து யாரும் இல்லை. தினமும் காலையில் காஞ்சிபுரத்தை ஒட்டி என் வீடு இருந்த ஓரிக்கையில் பஸ் ஏறி ஆபீசுக்கு வருவேன். பிறகு ஆபீஸ் மொபெட்டை எடுத்துக்கொண்டு சாலவாக்கம், பெருநகர் என்று கிராமக் கூட்டங்களுக்குப் போவேன்.

அதுவரை பெண்கள் சேமித்த பணத்தையே அவர்களுக்குள் சுற்றி விட்டுக்கொண்டிருந்தோம். ஒருத்தி மாடு வாங்கினால் அடுத்தவள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்களைப் போன்ற சங்கங்களுக்கு மொத்தமாகக் கடன் தரும் நிதி நிறுவனம் ஒன்று சென்னையில் இருப்பது செயலாளருக்குத் தெரிந்தது. இரண்டு வருடம் விடாமல் கடிதம் எழுதினார். கடைசியில் ஒருநாள் தபாலில் ஒரு கட்டு விண்ணப்பப் படிவங்கள் வந்தன. ஐந்து பேர் ஒரு குழு, ஒருவருக்கு ஒருவர் ஜாமீன் என்பது ஏற்பாடு. ஒருவர் படிவத்தில் குறை இருந்தாலும் ஐந்தும் திரும்பி வந்துவிடும். நாற்பது பெண்களைத் தேர்ந்தெடுத்தோம்.

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. கணவர் கையொப்பம். விதவைகளுக்கு இறப்புச் சான்றிதழ் வைத்தால் போதும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை.

நாற்பது பேரில் நைட்டி விற்கும் அக்கா ஒருவர். மசூதித் தெருவில் இருந்தார். சென்னைக்குப் போய் மொத்த விலைக்கு நைட்டி வாங்கி, மூட்டையைப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்து, ஊர் ஊராகத் தவணைக்கு விற்பார். அப்போதுதான் கிராமத்துப் பெண்கள் நைட்டி போட ஆரம்பித்திருந்தார்கள். மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தண்ணீர் பிடிக்க வருவார்கள். அக்காவுக்கு நல்ல வியாபாரம். அவர் கணவர் சவூதிக்கு டிரைவர் வேலைக்குப் போனவர். போய் இரண்டு வருடமாகக் கடிதமும் இல்லை, பணமும் இல்லை. மாமியாரோடும் கொழுந்தனாரோடும் அதே வீட்டில்தான் அக்கா இருந்தார். குழுவில் மற்ற நால்வரும் ஊர் ஓரத்தில் நெல் பயிரிடுகிற குடும்பத்துப் பெண்கள். அக்காவிடம் நைட்டி வாங்கிப் பழக்கமானவர்கள்.

படிவத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கட்டத்தைக் காட்டினேன். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் கடையிலிருந்து சாப்பிட வந்திருந்த கொழுந்தனார் எட்டிப் பார்த்தார்.

"இன்னா அண்ணி, இதுக்கா பேஜார் பண்ணிக்கினு கீறீங்க? அண்ணன் கையெழுத்து எனக்குத் தெரியும். குடுங்க."

நல்ல மனசோடுதான் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். இந்த ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஐந்து பேருக்கும் பணம் வராது என்பது மட்டும்தான் என் மண்டையில் ஓடியது. என் பேனாவையே எடுத்துக் கொடுத்தேன். அவர் அண்ணன் பெயரைச் சுழித்துப் போட்டார். இவர் கணவர் என் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்று பக்கத்துக் கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். செயலாளரிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

மூன்று வாரம் கழித்து சென்னையிலிருந்து கடிதம் வந்தது. அதிகாரி ஒருவர் நேரில் வந்து விசாரிப்பார், உறுப்பினர்களையும் கணவர்களையும் வீட்டிலேயே சந்திப்பார் என்று எழுதியிருந்தது. செயலாளர் சந்தோஷமாகப் படித்துக் காட்டினார். நான் உடனே மொபெட்டை எடுத்துக்கொண்டு மசூதித் தெருவுக்குப் போனேன்.

கொழுந்தனார் அதற்கும் அசரவில்லை. "வரட்டும். நான்தான் புருஷன்னு சொல்லிக்கிறேன். ஒரு அஞ்சு நிமிசம் தானே" என்றார்.

மூட்டை கட்டிக்கொண்டிருந்த அக்கா சட்டென்று நிமிர்ந்தார். அவர் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

"காகிதத்துல போட்டாரு, பொறுத்துக்கினேன் தங்கச்சி. இங்க குந்திக்கினு, மாமி காதுல விழ, நான்தான் இவ புருஷன்னு சொன்னாருன்னா, அப்பறம் இந்த வூட்ல நான் எப்டி இருப்பேன்? எனக்குக் கடனே வேணாம்."

கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குப் போய்விட்டார். நானும் வந்துவிட்டேன். அன்று பஸ்ஸில் போகும்போது என்னென்னவோ யோசனை வந்தது. அந்தக் கணவர் வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லிவிடலாமா? அந்தத் தெருவுக்குப் போகாமல் அதிகாரியை வேறு பக்கம் திருப்பிவிடலாமா? எதைச் சொன்னாலும் அதைக் காப்பாற்ற இன்னொன்று சொல்ல வேண்டியிருந்தது. நாற்பது பேர் பணமும் என்னால் நின்றுபோகும் என்று நினைத்தபோது சாப்பாடு இறங்கவில்லை. நான்கு நாள் அப்படியே போனது.

அதிகாரி ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். காரில் வருவார் என்று செயலாளர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவரோ தோளில் ஒரு பையோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தார். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பையிலிருந்து படிவக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவர் கட்டின் கயிற்றைப் பிரிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"மேடம், இதுல ஒரு கையெழுத்து தப்பு. புருஷன் போட்டது இல்ல. அவர் தம்பி போட்டது. தெரிஞ்சேதான் நான் சாட்சி போட்டேன்."

செயலாளர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "எனக்குத் தெரியாது மேடம். சத்தியமா எனக்கு இது தெரியாது." அதைக் கேட்கத்தான் எனக்கு அதிகம் வலித்தது.

அதிகாரி கயிற்றிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"ஏன்மா அப்படிச் செஞ்ச?"

"கணவர்னு மட்டும்தான் இருந்துச்சு மேடம். அவர் எங்க இருக்காருன்னே தெரியல. அதை எழுத இடமே இல்ல."

"இடம் இல்லன்னா ஒரு லெட்டர் போட்டுக் கேட்டிருக்கலாமே. ஒரு இன்லேண்ட் லெட்டர் போதும். கேட்டியா?"

"கேக்கல மேடம்."

"இந்த ஒண்ணுக்காக மொத்த ஃபைலையும் நான் நிறுத்தலாம். தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"வேற எதாவது இப்படி இருக்கா?"

"இல்ல மேடம். மத்தது எல்லாம் என் எதிர்ல போட்டது."

"அதை நான் எப்படி நம்பறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டார். பிறகு அவரே, "சரி, வண்டி இருக்கா? எல்லா வீட்டுக்கும் போகலாம்" என்றார்.

எல்லா வீட்டுக்கும் போனோம். இரண்டு நாள். மொபெட்டில் என் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சாலவாக்கம் பக்கத்து ஏரிக்கரை மேட்டில் வண்டி இழுக்காதபோது இறங்கி நடந்தார். நடவுக் காலம். ஆண்கள் கழனியில் இருந்தார்கள். வரப்பிலேயே நின்று படிவத்தைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்பார். சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்து, ஆமாம் என்பார்கள். ஒவ்வொரு ஆமாமுக்கும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

இரண்டாம் நாள் மத்தியானம் பெருநகரில் ஒருவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்து இல்லீங்களே. நான் கைநாட்டுங்க."

அவர் போட்டதை நான் பார்த்திருந்தேன். அவர் வீட்டில், அரிக்கன் விளக்கு மாட்டிய தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் போட்டார். ஆனால் ஏற்கெனவே ஒரு பொய் சாட்சி போட்ட என் பேச்சை யார் நம்புவார்கள்? அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார்.

"யோவ், இன்னா உளறிக்கினு கீற? நம்ம பொண்ணுகிட்ட பத்து நாளு எழுதிக் கத்துக்கினு நீதானே போட்ட? இனிமே கைநாட்டு வைக்க மாட்டேன்னு வீம்பா சொன்னியே!"

அந்த மனிதர் படிவத்தை மறுபடி வாங்கிப் பார்த்தார். முகத்தில் வெட்கம் பரவியது.

"அட, ஆமாம்மே. அது ஒரு தபாதானே போட்டேன். எப்டி இருக்கும்னு மறந்தே பூட்டேன்."

அதிகாரி அப்போதும் சிரிக்கவில்லை. ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, இன்னொரு முறை போடச் சொன்னார். அவர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக வரைந்தார். கடைசி எழுத்தின் புள்ளி பக்கத்தில் போய் விழுந்தது. படிவத்திலும் அது அதே இடத்தில்தான் விழுந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் அதிகாரி சிரித்தார். நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டு அம்மா என் கையில் ஒரு சொம்பு மோரைக் கொடுத்து, "இன்னா பாப்பா, மூஞ்சி இப்டி வெளுத்துப் போச்சு? நாஷ்டா துன்னியா இல்லியா?" என்று கேட்டார்.

சாயங்காலம் கடைசியாக மசூதித் தெருவுக்குப் போனோம். குழுவின் மற்ற நால்வரும் அக்கா வீட்டுக்கே வந்திருந்தார்கள். அதிகாரி சுற்றி வளைக்காமல் பேசினார். விதிப்படி இந்தப் படிவம் செல்லாது. மற்ற நான்கும் சரியாக இருக்கின்றன. ஐந்தாவதாக வேறு ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் இந்தக் குழுவுக்கு உடனே பணம் வந்துவிடும்.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்டியே பண்ணிடுங்க" என்றார்.

நால்வரில் மூத்தவர், அதிகம் பேசாத ஓர் அம்மா, "அது ஆவாதுங்க" என்றார்.

"ஏன்?" என்று அதிகாரி கேட்டார்.

"போன வருசம் என் பசு செத்துப் போச்சு. மூணு மாசம் என் சங்கத் தவணைய இந்த அம்மாதான் கட்டிச்சு. இவுங்க வூட்டுக்காரரா கட்டனாரு? புதுசா ஒருத்திய சேத்தா அவ எனக்குக் கட்டுவாளா மாட்டாளான்னு எனக்கு இன்னா தெரியும்? இவுங்க கட்டுவாங்கன்னு தெரியும்."

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். அதிகாரி நோட்டில் எதையோ எழுதினார். அப்போது உள்ளேயிருந்து மாமியார் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"எம்புள்ள இல்லாத வூட்ட இவதான் நடத்தறா. அவனுக்கு பதிலா ஒருத்தர் போடணும்னா நான் போடறேன். எங்க வைக்கணும், சொல்லுங்க" என்று இடது கட்டை விரலை நீட்டினார். பின்னால் நின்ற சின்ன மகனைக் காட்டி, "இவன் போட்டதே போதும், தூரப் போடா" என்றார்.

அதிகாரி அன்று எந்த உறுதியும் தரவில்லை. பஸ் ஏறும்போது என்னிடம், "சொன்னது நல்லது. கேக்காம செஞ்சது நல்லதில்ல. ரெண்டையும் எழுதுவேன்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த இருபது நாள் செயலாளர் என்னிடம் வேலை தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மேல் தப்பில்லை. இரண்டு வருடம் விடாமல் கடிதம் எழுதிய மனிதர். தபால்காரர் படியேறும் சத்தம் கேட்டாலே இருவரும் எழுதுவதை நிறுத்திவிடுவோம். இருபத்தோராம் நாளோ இருபத்திரண்டாம் நாளோ, பெரிய உறை ஒன்று வந்தது. செயலாளர் பிரித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். சத்தமாகப் படித்தார். நாற்பது பேருக்கும் அனுமதி. இனி ஒவ்வொரு கையெழுத்தையும் செயலாளரும் நேரில் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு ஓர் எச்சரிக்கை. கூடவே புதிய படிவம் ஒன்று. அதில் கணவர் கையொப்பம் என்பதற்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, பொறுப்பேற்கும் குடும்ப உறுப்பினர் என்று சேர்த்து அச்சடித்திருந்தார்கள்.

செயலாளர் இன்னொரு தரம் படித்தார். பிறகு ஜன்னலில் எட்டி, கீழே டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு, "ரெண்டு டீ, நாலு மசால் வடை" என்றார். வடை வந்ததும் மூன்றை என் பக்கம் தள்ளினார். "சாப்புடும்மா. ஒரு மாசமா நீ ஒழுங்கா சாப்புடல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காததுபோல் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அந்தச் சங்கத்தில் அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் இருந்தேன். நாற்பது பேரில் ஒருவர்கூடப் பாக்கி வைக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். இரண்டு பேர் வைத்தார்கள், அவர்கள் குழுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். நைட்டி அக்கா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சின்னதாக ஒரு கடை போட்டார். அவர் கணவர் வந்தாரா என்று நான் கேட்டதில்லை; அவரும் சொன்னதில்லை.

கடிதம் வந்த அன்று புதிய படிவத்தை எடுத்துக்கொண்டு மசூதித் தெருவுக்கு ஓடினேன். மாமியார் விரலை மையில் அழுத்தி, கட்டத்துக்குள் சரியாக வைத்தார். வைத்த பிறகு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "இருந்து சாப்ட்டுப் போ தங்கச்சி" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. டிக்கெட் வாங்கியதுதான் நினைவு. யாரோ தோளைத் தட்டியபோது காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். பஸ்ஸில் ஒருவரும் இல்லை.

"இன்னாம்மா, ஓரிக்கைல கத்துனேன், நீ அசையவே இல்லியே" என்றார் கண்டக்டர்.

திரும்பிப் போக டவுன் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். கால் வலித்தது. ஆனால் ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் எனக்கு நன்றாகப் பசித்தது.