மாமி வாசலில் வெள்ளைக் கொடி

“பனிச்சங்கேணி. சமாதான விழா. ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.” ஒரு புகைப்படத்தின் பின்புறம் என் கையெழுத்தில் இருக்கும் குறிப்பு இது. ஆண்டை எழுதாமல் விட்டிருக்கிறேன். போர்நிறுத்தத்தின் தொடக்க காலம் என்பது மட்டும் நிச்சயம். எங்கள் ஊர்ச் சந்தியிலிருந்து பாடசாலை வரை ஒழுங்கையின் இரு புறமும் வெள்ளைக் கொடிகள் தெரிகின்றன.

வெள்ளைக் கொடி காட்டினால் சண்டை இல்லை என்று பொருள். பழைய ரோமரிடமும் சீனரிடமும் இந்த வழக்கம் இருந்ததாகப் படித்திருக்கிறேன். விழாவை ஒழுங்கு செய்த பட்டணத்துப் பெரியவர்கள் வெள்ளைத் துணி அனுப்பியதும் அந்த எண்ணத்தில்தான். எங்கள் இளைஞர்களுக்கோ வெள்ளைக் கொடி கட்ட ஒரே முறைதான் தெரியும்: யாராவது மோசம் போனால், அதாவது இறந்தால், கம்பு நட்டு, கயிறு இழுத்து, சந்தியிலிருந்து சாவீடு வரைக்கும். அப்படியே கட்டிவிட்டார்கள்.

அன்று வாழைச்சேனைச் சந்தையிலிருந்து நானும் மாமியும் ஒரே பஸ்ஸில் வந்தோம். மாமி என் அப்பாவின் தங்கை. அவருடைய மூத்த மகனை ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்; பிறகு ஒரு செய்தியும் இல்லை. சந்தியில் இறங்கியதும் மாமி கொடிகளைக் கண்டார். அவை எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியிருந்தன. கூடையைப் போட்டுவிட்டு ஓடினார். “விழாவுக்கு மாமி!” என்று நான் கத்தியது அவர் காதில் விழவில்லை. கொடிகள் அவர் வாசலையும் தாண்டிப் போயிருந்ததைக் கண்ட பிறகுதான் நின்றார்.

“ஆருக்குடா மனே?”

கயிறு இழுத்துக்கொண்டிருந்தவன் சிரித்தான். “ஒருத்தருக்கும் இல்ல மாமி. சமாதானத்துக்கு.”

“அது எப்ப மோசம் போன?”

எல்லோரும் சிரித்தோம். மாமி சிரிக்கவில்லை. தன் வேலிக்கு முன்னால் நின்ற கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

“என்ட வாசலில வெள்ள கட்டாதீங்க. என்ட புள்ள வாற வழி இது.”

அதன் பிறகு எங்கள் ஒழுங்கையில் யார் இறந்தாலும் மாமியின் வேலி நீளத்துக்கு மட்டும் கொடி கட்டுவதில்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததல்ல. போர் முடிந்தும் அப்படித்தான்.

இந்த ஆண்டு தை மாதத்தில் மாமி காலமானார். கொடி கட்டிக்கொண்டு வந்தவர்கள் வேலி தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டார்கள். மாமியின் மகள் வெளியே வந்தாள்.

“கட்டுங்க. அம்மாக்குத்தானே.” உள்ளே போகத் திரும்பியவள், “அண்ணனுக்கெண்டு ஒருத்தரும் நினைச்சிரப்படா,” என்றாள்.

நான் எழுதிவரும் குடும்ப விபரங்களில் மாமியின் மறைவு நாளைக் குறித்துக்கொண்டேன். மகனின் பெயருக்கு நேரே, பிடித்துச் செல்லப்பட்டார் என்பதற்கு மேல் எழுத எதுவும் கிடைக்கவில்லை. அவர் உயிருடன் இருக்கிறாரா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.