சட்டைப் பையில் சாவி

ஓரிக்கை ஊருக்குப் போகும் சாலையில் பைக் மெக்கானிக் ஒருவர் இருந்தார். நரைத்த மீசையிலும் கிரீஸ் ஒட்டியிருக்கும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தியதும் சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அதன் பிறகுதான் செயினைத் தொடுவார். பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி எண்ணெய் விடுவார்.

எனக்கு அன்று அவசரம். "இன்ஜினைப் போட்டு கியர்ல விட்டா தானா சுத்துமே அண்ணே" என்றேன்.

"அப்படித்தான் ஒரு நாளு போட்டேன் சார். வண்டிக்காரரு துணிய வச்சி செயின தொடச்சிக்கினு இருந்தாரு. தறி நெய்யறவரு. ரெண்டு விரலு போயிடுச்சி."

"இப்போ?"

"தறியில உக்கார முடியல. வாட்ச்மேன் வேலைக்குப் போறாரு. இன்னும் என்கிட்டயேதான் வண்டிய வுடறாரு. ஒரு தபா கூட திட்டினதில்ல சார். திட்டிட்டா தேவல."

செயின் முழுக்க நனைந்த பிறகும் அவர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். நான் சாவியைக் கேட்காமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.